பலகையை நகர்த்தியவர்கள்

1

அக்காவின் முதல் வருடத் திதி போன மாதத்து அமாவாசையன்று வந்தது. அக்காவின் கணவரான மாமாவும் அவர்கள் மகள் திவ்யாவும் காஞ்சிபுரத்திலிருந்து திருமுக்கூடலுக்குப் போய்க் கொடுத்தார்கள். மூன்று ஆறுகள் கூடுகிற இடம் என்று பெயர். அன்றைக்கு மூன்றிலும் மணல்தான் கிடந்தது. ஐயர் ஓர் ஆளை விட்டு முழங்கால் ஆழம் தோண்டச் சொல்லி, ஊறி வந்த தண்ணீரில் காரியத்தை முடித்துவைத்தார். நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், என் சமையலறையில், வேலைக்குப் போகும் சட்டையோடு நின்றுகொண்டு கைப்பேசியில் பார்த்தேன்.

"சாந்தி, தெரியுதாம்மா?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். திவ்யா கைப்பேசியை எள்ளின் பக்கமும் மணலின் பக்கமும் மாறி மாறித் திருப்பினாள்.

எங்கள் ஊர் நெசவுக்காரர்களுக்கு அமாவாசை தறி நிற்கும் நாள். மாதத்தில் உறுதியான லீவு அது ஒன்றுதான். அக்கா போனதும் ஓர் அமாவாசையன்றுதான். "மவராசி, போறப்பகூட ஒரு நாள் வேலையைக் கெடுக்கலையே" என்று எதிர்வீட்டு அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாராம். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு இன்னும் அது ஜீரணமாகவில்லை.

திதிக்கு ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தேன். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. 'இறப்பு' என்ற கட்டத்தில் போட்டால், இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டதே என்றது அலுவலகம். 'சமயப் பண்டிகை' என்ற கட்டத்தில் போட்டால், நாள்காட்டியில் இப்படி ஒரு பண்டிகை இல்லையே என்றது. இறந்தவர்களுக்கு வருடாவருடம் சோறு போடுகிற ஜாதி நாங்கள் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வேலைக்கே போய்விட்டேன்.

அதற்கு முன்னால், சடங்கு முடிந்து ஐயர் எழுந்து போனபின், மாமா கைப்பேசியைத் தானே வாங்கிக்கொண்டார். ஏகாம்பரம் மாமா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்து, வலது கையை விரித்துக் காட்டினார்.

"இந்தக் கைதாம்மா பலகையை நகர்த்திக் குடுத்துது. ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி. அவ இடிக்குது இடிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தா. நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவாம பலகையை நகர்த்தினேன் பாரு."

"அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்றேன்.

ஒரு வருடமாக இதைத்தான் அவர் சொல்கிறார், இதைத்தான் நானும் சொல்கிறேன். அந்தப் பலகையை நகர்த்தச் சொன்னவள் நான். அது அன்றைக்கு மாமாவுக்குத் தெரியாது.

2

பட்டுத்தறியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளில் தறிக்கு முன்னால் தரையில் குழி இருக்கும். குழியின் விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். நெய்கிற சேலை, மடிக்கு நேரே குறுக்காக இருக்கிற ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டே வரும். அதற்குப் படமரம் என்று பெயர். சேலை ஏற ஏறப் படமரம் தடிக்கும். ஒரு தடவைக்கு மூன்று சேலை நெய்வோம். மூன்றாவது முடியும் தறுவாயில் வயிற்றைத் தொடுவதுபோல் வந்துவிடும். பிறகு அறுத்துக் கொடுத்துவிட்டால் பழையபடி இடம் கிடைக்கும்.

கௌரி அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோம். நான் துணி மடித்துக்கொண்டே பேசுவேன், அவள் கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்:

"படமரம் வயித்துல இடிக்குதுடி."

"மூணாவது சேலையா?"

"ஆமா."

"அறுத்தா சரியாப் போயிடும்."

அறுத்தாள். புதிதாக ஆரம்பித்த சேலை ஒரு முழம்கூட ஏறியிருக்காது. படமரம் வெறும் கட்டையாக இருந்தது. அப்போதும் இடித்தது. அதையும் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

"குண்டாயிட்டேன் போல. ஆனா சாப்பாடே எறங்க மாட்டேங்குது. ரெண்டு இட்லிக்கே வயிறு ரொம்பிடுது."

"வயசாவுதில்லக்கா."

"ஒண்ணுக்கு வேற வந்துக்கினே இருக்குதுடி. குழியிலேர்ந்து ஏறி ஏறி எறங்கறதுலயே பாதிப் பொழுது போயிடுது."

நான் நெசவுக்கார வீட்டில் பிறந்தவள். தறியைப் பற்றி ஒரு குறை சொன்னால் எனக்கு யோசனை வராதா? வந்தது.

"பலகையை ரெண்டு விரக்கடை பின்னாடி தள்ளிப் போட்டுக்கோயேன். மாமாகிட்ட சொல்லு, செஞ்சு குடுப்பாரு."

"அட, இது எனக்குத் தோணலியே" என்றாள். கடல் தாண்டிப் போயும் தறியை மறக்கவில்லை என்று என்னைப் பற்றி அவளுக்குப் பெருமை. எனக்கும்தான். அடுத்த ஞாயிறு, "இப்ப நல்லா இருக்குதுடி" என்றாள். ஐந்தாறு வாரம் கழித்து இன்னும் இரண்டு விரல். அதற்கப்புறம் இன்னும் இரண்டு.

ஊரில் எத்தனையோ நெசவுக்காரர்களுக்குத் தொப்பை போடுகிறது. எத்தனையோ பேர் பலகையை நகர்த்திப் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். தெருவில் யாரிடம் சொல்லியிருந்தாலும் இதே யோசனையைத்தான் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

3

நான் ஒரு மருத்துவரகத்தில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். இங்கே யாரும் நினைத்த டாக்டரிடம் நினைத்த நேரத்தில் போக முடியாது. முதலில் எங்களுடையதைப் போன்ற பகுதி மருத்துவரகத்துக்குத்தான் வரவேண்டும். அதற்கும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசை. எட்டு அடிக்கும்போது என் காதில் ஊரே இருமும். யாருக்கு இன்றைக்கு நேரம், யாருக்கு மூன்று வாரம் கழித்து என்று, ஒரு கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு பிரிப்பது என் வேலை. வந்த புதிதில் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, "அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை. என் ஆங்கிலம் முன்னேறியதா, அவர்கள் களைத்துப்போனார்களா தெரியவில்லை.

மேசைக்குப் பக்கத்தில் துண்டுப் பிரசுரங்கள் செருகி வைக்கிற தாங்கி ஒன்று உண்டு. அதில் ஒன்று சினைப்பைப் புற்றுநோயைப் பற்றியது. நான்கே விஷயம் எழுதியிருக்கும்: வயிறு உப்பி, வடியாமலே இருப்பது. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது. அடிவயிற்றில் வலி. அடிக்கடி சிறுநீர். இவை சில வாரங்களுக்கு விடாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைதோறும் அந்தத் தாங்கியை நிரப்புகிறவள் நான்.

இன்னும் இருக்கிறது. அந்தப் பிரசுரத்தைப் பல மொழிகளில் அச்சடித்தார்கள், தமிழிலும். அலுவலகத்தில் ஒரே தமிழ் ஆள் என்பதால், பிழை பார்த்துத் தரும்படி மேலாளர் என்னிடம் கொடுத்தார். நான் சிவப்புப் பேனா எடுத்து உட்கார்ந்து, 'வயிற்று உப்புசம்' என்பதில் விட்டுப்போயிருந்த ஒரு ப்-ஐச் சேர்த்துக் கொடுத்தேன். கைதட்டினார்கள். ஒரு சாக்லெட் பெட்டி கொடுத்தார்கள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். "தமிழ்ல படிச்சதுக்கு இங்க சாக்லெட் குடுக்கறாங்கக்கா" என்றேன். அன்றைக்குத்தான் பலகை இரண்டாவது தடவை நகர்ந்ததைச் சொன்னாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நான் அலையக்கூட இல்லை. எழுத்தைத் திருத்தியவளுக்கு வயிறு தெரியவில்லை.

4

அக்கா டாக்டரிடம் போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். போனாள். ஆறு தடவை போனாள்.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் மாலை நேரம் மட்டும் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். நல்லவர், கைராசிக்காரர் என்று பேர். தறி நிற்கிற நாளில்தானே நெசவுக்காரர்கள் டாக்டரிடம் போக முடியும்? ஆகவே அமாவாசை சாயங்காலம் அவர் வாசலில் தேர்க்கூட்டம். இடுப்பு வலி, முட்டி வலி, நரம்பு இழுக்கிறது, கேஸ் என்று வருகிறவர்களெல்லாம் ஒரே மாதிரி இருப்பார்கள். அக்காவும் அதில் ஒருத்தி. உள்ளே ஸ்டூலில் உட்கார நேரம் கிடைத்தால் பெரிது.

"வயிறு உப்பிக்கினு இருக்குது சார்."

"உட்கார்ந்தே வேலை செய்யறீங்க இல்ல, கேஸ்தான். அஞ்சு நாளைக்கு மாத்திரை தரேன். கேக்கலைன்னா வாங்க."

ஐந்து நாளில் கேட்கவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அடுத்த அமாவாசைக்குப் போனாள். டாக்டருக்கோ, முப்பது நாள் கழித்து வருகிற பொம்பளை என்றால் போன மாதம் கொடுத்த மாத்திரை கேட்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி புதிதாக வந்திருக்கிறது என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அங்கே பழைய குறிப்பு எதுவும் கிடையாது. தடவைக்கு ஒரு புதுச் சீட்டு. இரண்டாம் அமாவாசைக்கு ஒரு சிரப். மூன்றாவதுக்குச் சிறுநீர்க் கிருமி என்று மாத்திரை. நான்காவதுக்கு, "மாசம் நிக்கற வயசுதானேம்மா, இப்படித்தான் இருக்கும்." ஐந்தாவதுக்குத் திரும்பவும் கேஸ். "போன வாட்டியும் இதேதான் சார்" என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பெரிய படிப்புப் படித்தவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

ஆறாவது அமாவாசைக்கு அந்த டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் இடத்தில் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அக்காவோடு போன திவ்யா சொன்னது இது. அந்தப் பெண், "மேல ஏறிப் படுங்கம்மா" என்றாளாம். ஆறு மாதத்தில் முதன்முதலாக ஒருவர் அக்காவைப் படுக்கச் சொன்னார். வயிற்றில் கை வைத்தவள் கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"எத்தனை நாளா இப்படி இருக்குதும்மா?"

"இது ஆறாவது அமாவாசை" என்றாள் அக்கா.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். ஸ்கேன், வயிற்றில் நீர், கட்டி. எங்கள் ஊரிலேயே, பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், புற்றுநோய்க்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த வழியாக நாங்கள் எத்தனை கல்யாணங்களுக்குப் போயிருக்கிறோம்! அங்கே பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம்.

நான் இரண்டு வாரம் போயிருந்தேன். அக்காவின் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் இருந்தது. மாமா காபி வாங்கக் கீழே போன நேரத்தில் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பலகையைத் தள்ளச் சொன்னது நீதான்னு நான் அவருகிட்ட சொல்லலைடி. நீயும் சொல்லாதே."

"அக்கா..."

"இங்க நாங்க ஒருத்தருக்கொருத்தர் இருக்கறோம். நீ தூரத்துல கெடக்கறே. தனியா வெச்சுக்கினு அழுவே."

எனக்கு அந்த ஆறுதல் தேவையாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். அதற்கு விலை மாமா கொடுக்க வேண்டிவரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

5

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. அவள் தமிழ் இப்போது கேள்வி கேட்க மட்டும்தான். பதில் எல்லாம் ஆங்கிலம். பெரியம்மாவை மூன்று தடவை பார்த்திருப்பாள். கைப்பேசியில் பேசக் கூப்பிட்டால், "ஹாய் பெரியம்மா, சாப்பிட்டீங்களா, பை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிடுவாள். எனக்குக் கோபம் வரும். அக்கா, "உடு, கொழந்த" என்பாள்.

திதி முடிந்த சாயங்காலம் அவள் என் கைப்பையில் எதையோ தேடப்போய் அந்தப் பிரசுரத்தின் ஆங்கிலப் படியை எடுத்தாள். படித்தாள்.

"அம்மா, இது உன் ஆபிஸ்ல இருக்கற பேப்பர்தானே?"

"ஆமா."

"பெரியம்மாவுக்கு இதெல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உன்கிட்ட சொன்னாங்களா?"

மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டேன். ஒரு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் எல்லோரும் என் மேல் அன்பு உள்ளவர்கள். தமிழ் சரியாகத் தெரியாததால் சுற்றி வளைக்கத் தெரியாமல், இந்தப் பெண் நேராகக் கேட்டுவிட்டாள்.

"சொன்னாங்க" என்றேன்.

அவள் கத்தவில்லை. பிரசுரத்தைக் கைப்பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடிக்காத துணியை எடுத்து, தாறுமாறாக, மடிக்க ஆரம்பித்தாள்.

6

அடுத்த வாரம் எட்டு மணி வரிசையில் ஒரு வயதான அம்மாள் வந்தார். ஆளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லையாம். இடுப்புப் பெல்ட்டு பற்றவில்லை, ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டேன் என்றார். சாப்பாடு குறைந்துவிட்டது, இருந்தும் இப்படி, என்று சிரித்தார்.

பட்டியல்படி மூன்று வாரம் கழித்துத்தான் நேரம். நான் அன்றைக்கே, அவசரக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்த இடத்தில் அவரைப் போட்டுவிட்டேன். மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சிரித்த முகத்தோடுதான் பேசினார்; இங்கே திட்டுவதும் அப்படித்தான். "நீ டாக்டர் இல்லை, சாந்தி" என்றார். உண்மைதான். டாக்டர்களாக இருந்தவர்கள் எல்லோரும் என்ன செய்தார்கள் என்று கேட்க நினைத்தேன். "மன்னிக்கவும்" என்றேன்.

அந்த அம்மாளுக்குச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அவரே மேசைக்கு வந்து சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டியவள் நான். சிரித்தேன். பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வதற்கு அவருக்குச் சில நாள்தான் பிடித்தது. ஊருக்குச் செய்ததை உடன்பிறந்தவளுக்குச் செய்யவில்லை. அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

7

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிட்டேன். வழக்கமான விசாரிப்பு முடிந்ததும், நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பலகையைத் தள்ளச் சொன்னது நான். அக்கா சொன்ன அத்தனையும் என் மேசைக்குப் பக்கத்தில் அச்சில் இருந்தது. தமிழில் இருந்தது. நான் பிழை திருத்தினேன். அக்கா சொல்லாதே என்றாள், நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

மாமாவுக்குப் பின்னால் யார் வீட்டுத் தறியோ ஓடுகிற சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"அவளே சொல்லாதேன்னாளா?"

"ஆமா மாமா."

"ஒரு வருசமா நான் ஒருத்தன்தான்னு நெனச்சுக்கினு இருந்தேன் சாந்தி" என்றார். "தெனம் அந்தப் பலகையைப் பார்க்கறப்ப, நான் ஒருத்தன்தான்னு..."

வைத்துவிட்டார். கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் அவர் கூப்பிடவில்லை. நானும் துணியவில்லை. நான் என் நிம்மதிக்குப் பூசிக்கொண்ட ஒரு மௌனத்தில் ஒரு மனிதரை ஒரு வருடம் தனியாக உட்கார வைத்திருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு எந்த மொழியிலும் வார்த்தை அகப்படவில்லை.

நேற்று அமாவாசை. மாமாவே கூப்பிட்டார். கையில் சிமெண்ட் அப்பியிருந்தது.

"திவ்யா நாளையிலேர்ந்து அவ அம்மா தறியில உட்கார்றேன்னு சொல்லுது. இப்ப போற கடை வேலைக்கு இனிமே போவமாட்டாளாம். அங்க நாள் முச்சூடும் நிக்கணும்னு சொல்றா."

"சரி மாமா."

"அந்தப் பேப்பரு, தமிழ்ல இருக்குதுன்னியே. ஒண்ணு அனுப்பு. ரெண்டா அனுப்பு. டாக்டர் ரூம்ல ஒண்ணு ஒட்டச் சொல்றேன்."

"அனுப்பறேன் மாமா."

கைப்பேசியைக் குழியின் பக்கம் திருப்பினார். பலகை தெரிந்தது. அதற்குப் பின்னால் விளிம்பில், அது முன்பு உட்கார்ந்திருந்த மூன்று தடங்கள், இரண்டிரண்டு விரல் இடைவெளியில்.

"பலகையைப் பழைய எடத்துக்கே கொண்டாந்து, ரெண்டு பக்கமும் சிமெண்ட் வெச்சுப் பூசிட்டேன். இனிமே யாரும் நகர்த்த முடியாது."

"திவ்யாவுக்கு எப்பவாவது இடிச்சா?" என்றேன்.

"இடிக்கட்டும்மா" என்றார் மாமா. "இடிச்சாத்தான் தெரியும்."